சித்தமானால் சகோதரருக்கு வந்த சங்கடம்

சபைக்குச் சபை இப்படி ஒருவர் இருக்கிறார். நீங்கள் எந்த ஆலயத்துக்குப் போகிறவராக இருந்தாலும், எந்த ஆலயத்துக்கும் போகாதவராகவே இருந்தாலும், அவரைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஜெபிக்கத் தெரிந்தவர். யாருக்காவது காய்ச்சல் என்றால் முதல் ஆளாக வருவார். ஆபரேஷன் என்றால் சொந்தக்காரர்கள் வந்து சேர்வதற்கு முன்பே ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நிற்பார். கட்டிலின் தலைமாடு எது, கால்மாடு எது, குளுக்கோஸ் குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது, கை நீட்டினால் எது எதில் தட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே பார்வையில் அளந்து, தோதான இடத்தில் நின்று, கண்ணை மூடி அவர் ஆரம்பித்தாரானால் அந்த வார்டில் அழாதவர் கிடையாது. பக்கத்துக் கட்டிலில் காலொடிந்து படுத்திருப்பவரும் தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அழுவார்.

சுகம் வேண்டும் என்று கேட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சுகம் வந்துவிட்டால்தான் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

இந்த இனத்தை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சுலபம். ஒரே ஒரு வார்த்தையைக் காதில் வாங்கினால் போதும். "சித்தமானால்."

அவர் ஜெபத்தைக் கொஞ்சம் கேளுங்கள். "ஆண்டவரே, உமக்குச் சித்தமானால் இந்தச் சகோதரியை எழுப்பும். இன்றைக்கே என்று நாங்கள் சொல்லவில்லை, உம்முடைய வேளையில் எழுப்பும். டாக்டர்களின் கையைக் கொண்டு எழுப்பினாலும் எங்களுக்குச் சம்மதமே. சரீரத்தில் எழுப்பச் சித்தமில்லாவிட்டால் ஆத்துமாவில் எழுப்பும். அதற்கும் சித்தமில்லாவிட்டால் தாங்கிக்கொள்ளும் பொறுமையைத் தாரும். இவளுக்கு இல்லாவிட்டாலும் வீட்டில் இருக்கிற எங்களுக்காவது தாரும்."

ஒரு ஜெபத்துக்கு எத்தனை வாசல் வைத்துக் கட்டியிருக்கிறார் பாருங்கள்! ஆண்டவர் எந்த வாசல் வழியாகப் போனாலும் ஜெபம் கேட்கப்பட்டதாகிவிடும். நோயாளி எழுந்து உட்கார்ந்தாலும் கேட்கப்பட்டது, அப்படியே கிடந்தாலும் கேட்கப்பட்டது, கண்ணை மூடிவிட்டாலும் கேட்கப்பட்டது. ஆண்டவருக்கு ஒரு இக்கட்டும் வந்துவிடக் கூடாதே என்கிற நல்ல மனசுதான், வேறொன்றும் இல்லை. தனக்கும் வந்துவிடக் கூடாது. அதுவும் உண்டு.

இப்படிப்பட்ட ஒருவருடைய வீட்டுக்குத்தான் இப்போது உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவருக்குப் பெற்றோர் வைத்த பேரைச் சபையில் எல்லாரும் மறந்து வருஷமாகிவிட்டது. சித்தமானால் சகோதரர் என்றால்தான் தெரியும். அவருக்கும் அது தெரியும். கோபப்படமாட்டார். நல்ல மனுஷன்.

பேருந்துப் பணிமனையில் உதிரி சாமான் கிடங்குக்கு அவர்தான் ஸ்டோர்கீப்பர். கம்பிவலை போட்ட ஜன்னலுக்குப் பின்னால், ரப்பரும் கிரீஸும் கலந்த வாசனைக்கு நடுவே, முப்பத்திரண்டு அலமாரிகளுக்கு ராஜாவாக உட்கார்ந்திருப்பார். வெளியே வண்டி பிரேக் இல்லாமல் நிற்கும், டிரைவர் தலையில் அடித்துக்கொள்வார், மெக்கானிக் எண்ணெய்க் கையோடு ஓடி வந்து ஜன்னலில் முகத்தை வைப்பார். சகோதரர் சாந்தமாகக் கேட்பார், "சீட்டு?"

"சீட்டு பின்னால வருதுண்ணே, முதல்ல சாமானைக் குடுங்க."

"சீட்டு முன்னால வரட்டும் தம்பி, சாமான் பின்னாலயே வரும்."

சீட்டில் இரண்டு கையெழுத்து இருக்கவேண்டும். ஒரு கையெழுத்து இருந்தால் அரைச் சீட்டு. அரைச் சீட்டுக்கு அரைத் திருகாணி கொடுக்கமுடியுமா? முடியாதல்லவா? அப்படிப்பட்டவர்.

அவருக்கு ஒரு அக்கா. புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். துணிக்கடையில் இருபது வருஷம் வேலை பார்த்தாள். வாங்க வருகிறவர் உட்காரலாம், முதலாளி உட்காரலாம், எடுத்துக் காட்டுகிறவள் மட்டும் உட்காரக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். இருபது வருஷம் நின்ற இடுப்பு ஒருநாள் காலையில், இனிமேல் முடியாது தாயே என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. ஆறு வருஷம்.

தம்பி அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார், அதில் குறை சொல்லமுடியாது. வாசல் நிலைப்படியைச் செதுக்கி எடுத்தது அவர்தான். நாற்காலி இறங்க மரப்பலகையில் சரிவு அடித்ததும் அவர்தான். வாரத்துக்கு ஒருமுறை சக்கரத்துக்கு எண்ணெய் விடுவார். வியாழக்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்கு முன்னறையில் அக்காவை நடுவில் வைத்து, சுற்றி ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஜெபம். ஆறு வருஷத்தில் ஏறக்குறைய முந்நூறு வியாழக்கிழமை! அதில் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. யார் எந்த மூலையில் உட்காருவது, யார் பாட்டு ஆரம்பிப்பது, எந்த வாசலுக்கு வரும்போது யார் மூக்கை உறிஞ்சுவது என்பதெல்லாம் எழுதாத சட்டம். அக்கா நடுவில் இருந்தால்தான் வட்டம். வட்டத்துக்கு நடு இல்லாவிட்டால் அது வெறும் நாற்காலிகள்.

அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் ஆரம்பித்தது. சகோதரர் கண்ணை மூடி, கையை நீட்டி, ஒவ்வொரு வாசலாகத் திறந்துகொண்டே வந்தார். பொறுமையின் வாசலுக்கு வந்து, "ஆண்டவரே, இந்த நாற்காலியையே இவளுக்குச் சிங்காசனமாக்கும்" என்று உருகிக்கொண்டிருந்தபோது அக்கா எழுந்து நின்றாள்.

என்ன நடந்தது என்று பிறகு அவளைக் கேட்டார்கள். ஒளி தெரிந்ததா, சத்தம் கேட்டதா, யாராவது தொட்ட மாதிரி இருந்ததா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். அவள் சொன்னது இவ்வளவுதான். "இடுப்புல வெந்நீர்ப் பை வெச்ச மாதிரி வெதுவெதுன்னு இருந்துச்சு. நிக்கலாம் போல இருந்துச்சு. நின்னேன்."

வட்டத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். திறந்தவர்கள் வாயையும் திறந்தார்கள், ஆனால் சத்தம் வரவில்லை. திறக்காதவர் ஒருவர்தான். அவர் காலி நாற்காலியை நோக்கிக் கையை நீட்டியபடி, அதில் இருக்கிறவளுக்கு இன்னும் பத்து வருஷத்துக்குத் தேவையான பொறுமையைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெபம் இப்போதைக்கு முடியாது என்று பார்த்த அக்கா, அடுப்படிக்குப் போய் டீ போட்டாள்.

"ஆமென்" என்றார் சகோதரர். திருப்பி ஆமென் சொல்ல ஒருவரும் இல்லை. கண்ணைத் திறந்தார். வட்டம் முழுக்கச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நாற்காலி காலி. அடுப்படி வாசலில் தட்டில் எட்டு டம்ளரோடு அக்கா நிற்கிறாள்.

இந்த இடத்தில் ஒரு விசுவாசி என்ன சொல்லவேண்டும்? ஸ்தோத்திரம் என்று சொல்லலாம். அல்லேலூயா என்று சொல்லலாம். ஒன்றும் தோன்றாவிட்டால் முழங்கால் போடலாம்.

"ஐயோ அக்கா, உட்காரு! விழுந்துடப் போற!" என்று கத்தினார் நம்முடைய சகோதரர். முந்நூறு வியாழக்கிழமை கேட்டதற்கு அதுதான் அவர் சொன்ன முதல் நன்றி.

"யாராவது வந்து டம்ளரை எடுங்க, தட்டு கனக்குது" என்றாள் அக்கா.

எடுத்தார்கள். குடிக்கத்தான் இல்லை. ஒருவர் டம்ளரை நாற்காலிக்கு அடியில் மெதுவாகத் தள்ளிவிட்டார். ஜெபத்துக்கு வந்திருந்த மாடிவீட்டம்மா மூடி போட்ட பாட்டில் ஒன்று கேட்டு வாங்கி, மருமகளின் ஒற்றைத் தலைவலிக்கு என்று அந்த டீயை அதில் ஊற்றி எடுத்துக்கொண்டார். சகோதரரின் மனைவி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். வட்டத்தில் இருந்த எலக்ட்ரீஷியன் ஒருவர்தான் குடித்தார். குடித்துவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்க்கா" என்றார்.

"ஆறு வருஷம் ஆச்சுல்ல, கை மறந்து போச்சு" என்றாள் அக்கா. அந்தச் சாயந்தரம் அவளோடு மனுஷர் மாதிரிப் பேசியது அவர் ஒருவர்தான்.

மறுநாள் விடிவதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தெரு இரண்டாகப் பிரிந்தது.

ஒரு பாதிக்கு விசுவாசம் வந்துவிட்டது. அளவுக்கு மீறி வந்துவிட்டது. கைக்குட்டையோடு வந்தார்கள், எண்ணெய்ப் பாட்டிலோடு வந்தார்கள், பரீட்சைக்குப் பயப்படுகிற பிள்ளையோடு வந்தார்கள். ஓடாத தையல் மிஷினின் படத்தை போனில் எடுத்து வந்த ஒருவர், "தொட்டுக் குடுங்கம்மா போதும்" என்றார். அக்கா பல் தேய்த்துக்கொண்டிருந்தால்கூட, எந்தக் கையால் தேய்க்கிறாள் என்று பார்த்தார்கள்.

இன்னொரு பாதிக்குப் பயம் வந்துவிட்டது. அவர்கள் வாதம் ரொம்ப நியாயமானது. "போன நோய் எங்கயாவது போய்த்தானே ஆகணும்? ஆறு வருஷம் இருந்த நோய் சும்மா காத்துலயா கரைஞ்சு போகும்? பக்கத்துல எந்த வீட்டுக் கதவு திறந்திருக்கோ அங்கதான் நுழையும்." பக்கத்து வீட்டு ஜன்னல்கள் மூடிக்கொண்டன. எதிர்வீட்டுக்காரர் நாற்பது வயசுக்குப் பிறகு முதல்முறையாகக் குனிந்து கால் விரலைத் தொட்டுப் பார்த்தார், இடுப்பு இருக்கிறதா என்று. எட்டவில்லை. அவருக்கு எப்போதுமே எட்டாது. ஆனால் அன்றைக்குத்தான் அது தெரிந்தது. அலறிவிட்டார்.

இரண்டு பாதிக்கும் நடுவில் அக்கா நின்றாள். நாற்காலியில் இருந்த ஆறு வருஷமும் போகிறவர் வருகிறவர் எல்லாரும், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்கள். நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அதை ஒருவரும் கேட்கவில்லை.

நம்முடைய சகோதரர் எந்தப் பாதி? அங்கேதான் விஷயமே இருக்கிறது. அவர் நம்பாமலும் இல்லை, பயப்படாமலும் இல்லை. சாமான் வந்து இறங்கிவிட்டது, சீட்டு எங்கே என்பதுதான் அவர் கவலை. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு அக்காவை டாக்டரிடம் அழைத்துப் போனார். அக்கா நடந்தாள், இவர் நாற்காலியை மடக்கித் தலைமேல் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

டாக்டர் தட்டிப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், நடக்கச் சொன்னார், படம் எடுத்துப் பார்த்தார். பழைய படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சத்தில் பிடித்து மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நல்லா இருக்காங்க" என்றார் கடைசியில்.

"எப்படி டாக்டர்?"

"தெரியாதுங்க. நான் ஒண்ணும் பண்ணல. மருந்தைக்கூட ஆறு மாசத்துக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்."

"அதையே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்களேன்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நோய் இருக்குன்னு எழுத என்கிட்ட ஃபாரம் இருக்கு. இல்லன்னு எழுதவும் ஃபாரம் இருக்கு. இருந்தது ஏன் இல்லன்னு எழுத ஃபாரம் இல்ல. நீங்க உங்க பாஸ்டரைக் கேளுங்க, அது அவர் டிபார்ட்மெண்ட்."

சனிக்கிழமை போதகரிடம் போனார். அவரும் நல்லவர்தான். விஷயத்தைக் கேட்டதும் கண் கலங்கினார், கையை உயர்த்தி ஸ்தோத்திரம் சொன்னார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார், "டாக்டர் என்ன சொல்றார்?"

"உங்களைக் கேக்கச் சொல்றார் பாஸ்டர்."

"என்னையா?" போதகர் யோசித்தார். "பாருங்க பிரதர். ஆண்டவர் செய்வார், அதுல சந்தேகமே இல்ல. ஆனா போன வருஷம் என்ன ஆச்சு? ஒருத்தருக்குக் காது கேக்குதுன்னு மேடையில வெச்சு அறிவிச்சோம். சபை எழுந்து நின்னு கை தட்டுச்சு. நான் பின்னாலயிருந்து அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பாக்கல. இன்னும் சத்தமாக் கூப்பிட்டேன். திரும்பிப் பாக்கவே இல்ல. அன்னைக்கு என் முகம் எங்க போச்சுன்னு நினைக்கிறீங்க?"

"புரியுது பாஸ்டர்."

"அதனால அவசரம் வேண்டாம். நாளைக்கு அக்கா நாற்காலியிலயே வரட்டும். ஒரு மூணு நாலு வாரம் பாப்போம். ஆண்டவர் செஞ்சது எங்கயும் ஓடிப் போகாது."

சகோதரருக்கு நிம்மதியாக இருந்தது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னார். மனைவியும் கூட இருந்தாள்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டுதான். "பாடகர் குழுவுல ரெண்டாவது வரிசை, ஜன்னலோரம். அது என் இடம்" என்றாள். "அங்க நின்னுதான் பாடணும். உக்காந்து பாட இடமில்லன்னு சொன்னாங்க, அதனாலதான் ஆறு வருஷமாப் போகல. நாளைக்குப் போறேன். நடந்து போறேன், நின்னு பாடறேன்."

"நாலு வாரம்தானேக்கா..."

"ஏன், நாலு வாரம் கழிச்சு ஆண்டவர் வந்து கையெழுத்துப் போடுவாரா?"

"அதுக்கில்லக்கா. சபையில எல்லாரும் பாக்க நின்னு, பாதிப் பாட்டுல கீழ விழுந்துட்டேன்னா?"

"விழுந்தா எந்திரிச்சுப்பேன்."

"எந்திரிக்க முடியலன்னா?"

அக்கா மடித்த துணியை மறுபடி உதறி மறுபடி மடித்தாள். மனைவி புருஷனைப் பார்த்து, "என்னங்க, அண்ணி விழலன்னா என்ன செய்வீங்க? அதைப் பத்தி யோசிச்சீங்களா?" என்று கேட்டாள். அவர் யோசிக்கவில்லை. அன்று சாயந்தரம் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தெரு ஒரு ஊர்வலத்தைப் பார்த்தது. முன்னால் அக்கா, இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலை, கையில் பாட்டுப் புத்தகம். பத்தடி பின்னால் தம்பி, காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு. அக்கா வேகம் கூட்டினால் நாற்காலியும் வேகம் கூட்டும். அக்கா நின்றால் நாற்காலி அவள் முழங்கால் பக்கமாக மெதுவாக வந்து நெருங்கும், எந்த நிமிஷம் விழுந்தாலும் பிடித்துக்கொள்கிற மாதிரி. மனைவி, இந்தக் கூத்தைத் தன்னால் பார்க்கமுடியாது என்று முன்னாலேயே போய்விட்டாள்.

ஆலயத்துக்குப் போகிற வழியில் ஒரு மேடு. அக்கா ஏறிவிட்டாள். தம்பிக்கு ஐம்பத்து மூன்று வயசு, வேலையோ நாற்காலியில். பாதி மேட்டில் மூச்சு வாங்கியது. நாற்காலி பின்னால் உருளப் பார்த்தது. பிரேக்கைப் போட்டார். இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. ஒரே ஒரு நிமிஷம் என்று சொல்லிக்கொண்டு அதில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா திரும்பி இறங்கி வந்தாள். நாற்காலியின் கைப்பிடியில் சாய்ந்து நின்றாள்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் முதுகு குத்துதுக்கா."

"ஆறு வருஷமா சொன்னேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் தம்பி குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அத்தானுக்கு நான் ஜெபிச்சது ஞாபகம் இருக்காக்கா?"

அக்காவுக்கு ஞாபகம் இல்லாமல் இருக்குமா? அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, எந்த வாசலும் வைக்காமல், எழுப்பும் என்று ஒரே வார்த்தையாகக் கேட்டவர் இவர். வெளியே வந்து, "எந்திரிச்சுடுவார்க்கா, ஆண்டவர் எனக்குச் சொல்லிட்டார்" என்று அக்காவிடம் சத்தியம் பண்ணியவரும் இவர்தான். நாலாவது நாள் அவரைக் கல்லறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"அன்னைக்கு உன் முகத்தைப் பாத்தேன்" என்றார். "அதுக்கப்புறம் அப்படிக் கேக்க வாய் வரல. ஆண்டவர் மேல சந்தேகம் இல்லக்கா. என் மேலதான். இப்ப நீ நடக்கற. நான் நம்பி, சந்தோஷப்பட்டு, நாளைக்கு இதுவும் இல்லன்னு ஆயிடுச்சுன்னா, நான் மறுபடி எந்த முகத்தோட அவர்கிட்ட போய் நிப்பேன்?"

அக்கா கைப்பிடியை விட்டு நிமிர்ந்தாள். "நீ அன்னைக்கு அப்படிச் சொன்னதாலதான் அந்த நாலு நாளும் நான் தூங்குனேன்டா" என்றாள். "சொன்னது நடக்கல. சரி. ஆனா அந்த நாலு நாள் தூக்கம் பொய்யில்ல. அதை நான் யார்கிட்டயும் திருப்பிக் குடுக்கல."

தம்பி பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேட்டுக்குக் கீழே இருந்து மாடிவீட்டம்மா வந்துகொண்டிருந்தார். நாற்காலியில் தம்பி, பக்கத்தில் நெட்டையாக நிற்கிற அக்கா. பார்த்ததும் கையில் இருந்த புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஐயோ ஆண்டவரே! தம்பிக்கு மாறிடுச்சா!"

"இல்லம்மா, சும்மா மூச்சு வாங்க..."

கேட்க அவர் அங்கே இல்லை. அறுபத்தெட்டு வயசு அம்மாள் அந்த மேட்டை ஏறிய வேகத்தைப் பார்த்திருந்தால் அதையும் ஒரு அற்புதமாக அறிவித்திருக்கலாம்.

இவர்கள் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. ஆலயத்துக்குள் நுழைந்தபோது சபையில் பாதிப் பேர் அக்காவின் இடுப்பையும், மீதிப் பேர் தம்பியின் காலையும் பார்த்தார்கள். அவர் நடந்துதான் வந்தார், நாற்காலி வாசலில்தான் நின்றது. ஆனாலும் அவர் போய் உட்கார்ந்த பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஒரே நேரத்தில் காற்று தேவைப்பட்டது. ஜன்னல் பக்கம் எழுந்து போனார்கள். எலக்ட்ரீஷியன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பாடகர் குழுவுக்குப் போனாள், இரண்டாவது வரிசை, ஜன்னலோரம். அங்கே நின்றவர்கள் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார்கள். கொஞ்சம் அதிகமாகவே விட்டார்கள். இந்தப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் இரண்டடி. நடுவில் அக்கா, ஆறு வருஷம் வட்டத்துக்கு நடுவில் இருந்த மாதிரியே, இப்போது நின்றுகொண்டு.

போதகர் மேடையில் ஏறினார். நாற்காலியில் வரச் சொன்ன பெண் நின்றுகொண்டிருக்கிறாள். சபை அவரைப் பார்க்கிறது. அவர் கூரையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"இந்த வாரம் ஆண்டவர் செய்த நன்மைக்கு யாராவது சாட்சி சொல்ல விரும்பினால்... சுருக்கமாகச் சொல்லலாம்."

ஒருவரும் அசையவில்லை. வியாழக்கிழமை கண்ணைத் திறந்து பார்த்த ஏழு பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவர் மற்றவரைப் பார்த்தார், மற்றவர் தரையைப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் எழுந்திருக்கப் பார்த்தார், ஆனால் பக்கத்தில் இருந்த சகோதரரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டார். இது சகோதரர் வாயிலிருந்து வரவேண்டியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பாடகர் குழுவில் அக்கா பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருந்தாள். புத்தகம் லேசாக நடுங்கியது. அவளுக்கும் பயம்தான் என்பது தம்பிக்கு அப்போதுதான் தெரிந்தது. விழுந்துவிடுவோம் என்ற பயம் இல்லை. இத்தனை பேருக்கு நடுவில், அவளுக்கு நடந்ததை நடந்தது என்று சொல்ல ஒருவர்கூட இல்லாமல் தனியாக நிற்கிற பயம்.

சகோதரர் எழுந்தார். சபை அவர் காலைப் பார்த்தது.

"வியாழக்கிழமை எங்க அக்கா எந்திரிச்சப்ப நான் கண்ணை மூடியிருந்தேன்" என்றார். "அதனால நான் பாக்கல. பாத்தவங்க சொல்லுவாங்கன்னு மூணு நாளாக் காத்திருந்தேன். அவங்க நான் சொல்லுவேன்னு காத்திருக்காங்க போல." எங்கோ ஒருவர் இருமினார். "டாக்டருக்குக் காரணம் தெரியல. பாஸ்டர் மூணு நாலு வாரம் பாக்கலாம்ங்கறார். எனக்கும் காரணம் தெரியாது. நான் பொறுமையைத்தான் கேட்டேன். வந்தது வேற. நான் கேட்ட சாமான் இது இல்ல." உதடு பழக்கத்தில் 'சித்தமானால்' என்று ஆரம்பிக்கப் பார்த்தது. மூடிக்கொண்டார்.

"நாளைக்கு அவ நடப்பாளா, எனக்குத் தெரியாது. இன்னைக்கு மேட்டுல ஏறி வந்தா. நான் பின்னாலயே வந்தேன். கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் வந்தேன். அதை நான் பாத்தேன். ஸ்தோத்திரம்."

உட்கார்ந்தார். சபை கை தட்டவில்லை, அழவும் இல்லை. போதகர் மூச்சை விட்டு, "பாடுவோம்" என்றார். பாடகர் குழு ஆரம்பித்தது. அக்காவின் குரல் முதல் அடியில் தட்டுத் தடுமாறியது, இரண்டாவது அடியில் நின்றது, மூன்றாவதில் பழைய இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. தம்பி பாட்டைக் கேட்கவில்லை, இரண்டு பக்கத்து இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சரணத்தில் இரண்டடி. இரண்டாவது சரணத்தில், பக்கம் புரட்டுகிற சாக்கில், ஒரு பெண் அரையடி நகர்ந்தாள். கடைசிச் சரணத்துக்குள் ஒரு தோள் அக்காவின் தோளைத் தொட்டுவிட்டது. தொட்டவள் ஒருமுறை திடுக்கிட்டுத் தன் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அங்கேயே நின்று பாடினாள்.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே வாசித்தீர்கள், சந்தோஷம். இப்போது புத்தகத்தை மூடுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். போன வாரம் யாரோ ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, "உங்களுக்காக ஜெபிச்சுக்கிட்டே இருக்கேன்" என்று சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நாளைக் காலையில் வாசல் மணி அடிக்கிறது. போய்ப் பார்த்தால் அவரேதான், தன் காலில் நிற்கிறார், முகமெல்லாம் சிரிப்பு. நீங்கள் என்ன செய்வீர்கள்? கட்டிக்கொள்வீர்களா? இல்லை, சங்கிலியைக் கழற்றாமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்பீர்களா?

அவசரப்பட்டுப் பதில் சொல்லவேண்டாம். முதலில் உங்கள் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இடுப்பில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.